அம்மாவின் கோப்பை உடைந்துவிட்டது, ஒரு நாள் கின்ட்சுகி பட்டறை போதுமா?

உடைந்தகோப்பை:
அம்மா பல வருடமாகக் குடித்துவந்த பீங்கான் கோப்பை போன வாரம் என் கையிலிருந்து நழுவி மூன்று துண்டாகிவிட்டது. விளிம்பில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு மட்டும் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. இப்போது கின்ட்சுகி, அதாவது உடைந்த பாத்திரத்தை ஒட்டி, ஒட்டிய கோட்டில் தங்கப் பொடி தூவுகிற ஜப்பானிய முறை, கற்றுத்தரும் இரண்டு பட்டறைகள் கண்ணில் பட்டன. ஒன்று மூன்று மணி நேரம், அன்றைக்கே ஒட்டி எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். இன்னொன்று வாரம் ஒரு வகுப்பு, எட்டு வாரம். அலமாரியில் வைக்க அல்ல, அம்மா மறுபடி அதில் சூடாகக் குடிக்க வேண்டும். எதில் சேரலாம்?

மண்ணும்நீரும்:
பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: என்ன பசை? மூன்று மணி நேரத்தில் முடிகிறது என்றால் அநேகமாக எபாக்சி பசையும் பித்தளைப் பொடியோ மைக்காப் பொடியோதான். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சாதாரண எபாக்சி 50, 60 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பித்துவிடும், வாய் வைத்துக் குடிக்கிற பாத்திரத்துக்கு ஆகாது. ஜப்பானில் வழிவழியாகச் செய்வது உருஷி என்ற மரத்தின் பாலை வைத்து. அது முழுதாக இறுகிவிட்டால் தாராளமாகக் குடிக்கலாம். அப்போதும் மைக்ரோவேவ், பாத்திரம் கழுவும் இயந்திரம் இரண்டிலும் வைக்கக் கூடாது.

பொறுமைபழகு:
நான் உருஷி வகுப்புக்குப் போனேன். கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அதோடு உருஷியைச் சேர்த்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கரண்டியைத் தூக்கினால் பிசினாகக் கம்பி இழுக்கிற பதம் வரும்வரை. அதை உடைந்த ஓரத்தில் எவ்வளவு மெல்லிசாகத் தடவ முடியுமோ அவ்வளவு நல்லது, கொஞ்சம் தடித்தாலும் கடைசித் துண்டு உட்காராது, எனக்கு முதல் தடவை அப்படித்தான் ஆகி எல்லாவற்றையும் பிரித்துத் துடைத்தேன். அப்புறம் ஈரத்துணி போட்ட அட்டைப்பெட்டிக்குள் வைக்கிறோம். உருஷி வெயிலில் காய்கிற பொருள் இல்லை, காற்றில் 70, 80 சதவீதம் ஈரப்பதம் இருந்தால்தான் இறுகும். ஒட்டியதற்கு மட்டுமே இரண்டு வாரம் விட்டோம். காணாமல் போன சில்லுக்குக் கவலை வேண்டாம், நுண்ணிய களிமண் பொடியை உருஷியில் குழைத்து அடுக்கடுக்காக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கும் இறுகியதும் தேய்த்துச் சமன் செய்வார்கள். தங்கப் பொடி கடைசியில்தான்: சிவப்பு உருஷியில் மயிரிழைக் கோடு இழுத்து, அது பாதி காய்ந்து ஒட்டும் பதத்தில் இருக்கும்போது தூவ வேண்டும்.

உருஷியைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். சேங்கொட்டைப் பால் பட்ட மாதிரி அரித்துக் கொப்பளித்துவிடும், இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள். மாம்பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எனக்கு மணிக்கட்டில் பத்து நாள் அரிப்பு இருந்தது.

களிமண்:
ஒரு நாள் பட்டறையை வேண்டாம் என்று தள்ள மாட்டேன். துண்டுகளை எந்த வரிசையில் சேர்ப்பது, தூரிகையை எப்படிப் பிடிப்பது என்று கை பழக அது நல்ல இடம். வேறு ஒரு கோப்பையோடு போங்கள், அம்மாவுடையதை எடுத்துப் போகாதீர்கள். பெரிய துண்டே காணவில்லை என்றால் வேறு பாத்திரத்தின் உடைந்த துண்டை அளவாக வெட்டிப் பொருத்துகிற யோபிட்சுகி என்ற முறையும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். உங்கள் சில்லுக்கு அது தேவைப்படாது.

உடைந்தகோப்பை:
சரி, எட்டு வார வகுப்புதான். அவர்கள் உருஷிதான் என்று உறுதியாகச் சொன்னால் சேர்ந்துவிடுகிறேன். அதுவரை துண்டுகளைச் சும்மா பொருத்தி டேப் போட்டு வைக்கலாமா?

பொறுமைபழகு:
வேண்டாம். ஓரத்தோடு ஓரம் உரசினால் பொடிப்பொடியாக உதிரும், அப்புறம் எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் இடைவெளி தெரியும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பஞ்சில் சுற்றி வையுங்கள். அவசரத்தில் உடனடிப் பசை எதுவும் தொட்டுவிடாதீர்கள், அதைச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு.