பாறை சூழ்ந்த சின்னக் குடா: தண்ணீர் தெளிவா இருந்தா போதுமா?

கேள்வி:
மூணு பக்கமும் பாறை, நடுவுல கொஞ்சம் மணல், ஆள் நடமாட்டமே கிடையாது. அடிமணல் தெரியுற தண்ணி. ஒரு ஓரமா ஓடை வந்து கடல்ல சேருது. போன தடவை குளிச்ச ரெண்டாம் நாள் என் ஏழு வயசு மகளுக்கு வயித்துப்போக்கு. தண்ணியாலதானோன்னு மனசு அரிச்சுக்கிட்டே இருக்கு. மறுபடி கூட்டிட்டுப் போகலாமா?

பதில்:
அலையே இல்லாத இடம்தானே, பயப்படாம போங்க.

பதில்:
தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துல பதினொரு வருஷம் இருந்தவ நான். அலை இல்லாததுதான் எனக்குக் கவலை. திறந்த கரையில அலை அழுக்கைக் கலைச்சு விட்டுடும். குடாவுக்கு வாய் குறுகல். ஓடை கொண்டுவந்தது அங்கேயே சுத்தி நிக்கும்.

தெளிவை நம்பாதீங்க. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணியை வடிகட்டித் தட்டுல வச்சா, மறுநாள் கிருமி புள்ளி புள்ளியா முளைச்சிருக்கும். எத்தனை தடவை பார்த்திருக்கேன்! கடல்நீர்ல மலம் கலந்திருக்கான்னு காட்டுற என்டரோகாக்கஸ்ங்கிற குடல் கிருமியைத்தான் முக்கியமா எண்ணுவோம்; ஈ.கோலைங்கிற இன்னொரு குடல் கிருமியை விட அது உப்புல தாக்குப்பிடிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தோட 2006 விதிப்படி, பல பருவ மாதிரிகளைக் கணக்கிட்டு, 100 மில்லிக்கு என்டரோகாக்கஸ் 100, ஈ.கோலை 250 தாண்டாத கடல்நீர்தான் முதல் தரம். முடிவு வர ஒரு நாளாவது ஆகும், அதனால கையில இருக்குற எண் நேத்தைய தண்ணியோடது.

ஒரு தடவை வந்ததை வச்சு தண்ணிதான் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா குழந்தைங்க தண்ணியை நிறைய முழுங்கும். ஈர மணல்ல கிருமி தண்ணியை விட அதிகமாவே இருக்கலாம். அன்னிக்கு முன்னாடி மழை பெஞ்சுதா? எங்க விளையாடினா?

கேட்டவர்:
முந்தின ராத்திரி நல்ல மழை. ஓடை வாயிலதான் மணல் அணை கட்டி விளையாடினா.

பதில்:
அந்த வாய்ப் பக்கம் எப்பவும் விடாதீங்க. பெருமழைக்கு அப்புறம் மூணு நாள் கடல்லயும் வேண்டாம். முடிஞ்சா ஓடை வழியா மேல நடந்து பாருங்க, எங்கிருந்து வருதுன்னு.

இன்னொருவர்:
தண்ணி இழுப்பையும் பாருங்க. அலை வர்ற நாள்ல பாறை ஓரத்துல மட்டும் அலை உடையாம கருப்புப் பட்டையா தெரிஞ்சா, அங்க நீரோட்டம் வெளிய இழுக்கும். மாட்டிக்கிட்டா எதிர்த்து நீந்தாம மிதந்து கையைத் தூக்கணும். கடல் ஏறும்போது திரும்புற வழி மூடிடுமான்னும் முதல்லயே பாருங்க. கூப்பிட்டா கேக்க அங்க யாரும் இல்ல.

கேட்டவர்:
இன்னிக்குக் காலையில மேல நடந்தேன். பத்து நிமிஷ நடைதான். ஓடைக்குள்ளேயே மாடுங்க படுத்திருந்துச்சு, கரை முழுக்கச் சாணி. மக கேட்டா, அந்த ஓடையைத்தான் காட்டப் போறேன்.