ஐபாட் கிளாசிக், ஆண்ட்ராய்டு வாக்மேன் இரண்டுக்கும் ஒத்துப்போகும் கார் ஸ்டீரியோ எது?

வைகைக்கரை:

வணக்கம். வண்டி 2012 வேகன்ஆர், டேஷில் 2 டின் (இரட்டை உயர ஸ்டீரியோ மாட்டும் அளவு) இடம் காலியாக இருக்கிறது. பாட்டு இரண்டு இடத்தில் கிடக்கிறது. 160 ஜிபி ஐபாட் கிளாசிக்கில் 14,000 பாட்டு. பெரும்பாலும் எம்பி3, கொஞ்சம் ஏஎல்ஏசி (ஆப்பிளின் தரம் குறையாத ஃபார்மேட்). சோனி வாக்மேன் என்டபிள்யூ-ஏ306இல் 256 ஜிபி கார்டு, அதில் எல்லாம் ஃப்ளாக், அதுவும் தரம் குறையாத ஃபார்மேட்தான். கடைகளில் 9 அங்குல ஆண்ட்ராய்டு ஸ்கிரீனைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். "யூஎஸ்பி இருக்கு, புளூடூத் இருக்கு, எல்லாம் பாடும் சார்" என்கிறார்கள்.

பிளேயர் டேஷ் பாக்ஸுக்குள் இருக்க வேண்டும், ஆல்பம் தேடுவது ஸ்டீரியோவிலிருந்தே நடக்க வேண்டும், சார்ஜும் ஏற வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?

நாலாம்கியர்:

யூஎஸ்பி துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். அந்தத் துளை வழியாக பிளேயர் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறது, அது ஸ்டீரியோவுக்குப் புரிகிறதா, இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும். உங்கள் இரண்டு பிளேயரும் இதில் இரண்டு துருவம். அதனால் தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதலில் ஐபாட் கிளாசிக். ஆப்பிளிடம் உரிமம் வாங்கிய ஸ்டீரியோவில் இதற்கென்று ஒரு சிப் இருக்கும். அது இருந்தால்தான் ஐபாட் தன் பட்டியலை ஸ்டீரியோவிடம் ஒப்படைக்கும். அப்போது கலைஞர், ஆல்பம், பிளேலிஸ்ட் எல்லாம் ஸ்டீரியோ திரையில் வரும், சார்ஜும் ஏறும். பாட்டை விரித்து அனுப்பும் வேலையை ஐபாட்டே செய்துவிடுவதால் உங்கள் ஏஎல்ஏசி ஃபைல்களைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஸ்டீரியோவுக்கு அந்த ஃபார்மேட் தெரிய வேண்டிய அவசியமில்லை.

விலை குறைந்த ஆண்ட்ராய்டு ஸ்கிரீன்களில் பெரும்பாலும் அந்த சிப் இருக்காது. அவற்றுக்கு ஐபாட் ஒரு பென் டிரைவ் மாதிரிதான் தெரியும், அதுவும் விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஃபார்மேட் செய்த ஐபாடாக இருந்தால். மேக்கில் ஃபார்மேட் செய்தது என்றால் ஒன்றுமே தெரியாமல் போக வாய்ப்பு அதிகம். தெரிந்தாலும் உள்ளே எஃப்00, எஃப்01 என்று வரிசையாக ஃபோல்டர்கள், ஒவ்வொன்றிலும் நாலெழுத்துப் பெயரில் ஃபைல்கள். ஐடியூன்ஸ் அப்படித்தான் பாட்டுகளைப் பிரித்துப் போட்டு வைக்கும். 14,000 பாட்டில் ஒரு ஆல்பத்தை அதற்குள் தேடி எடுப்பது நடக்காத காரியம்.

கார்பிளே ஸ்டிக்கரைப் பார்த்தும் முடிவு செய்ய வேண்டாம். ஐபோனை ஸ்டீரியோ திரையில் காட்டும் வசதி அது, ஐபோனுக்கு மட்டும். ஐபாட் கிளாசிக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புதிய மாடல்கள் சிலவற்றில் ஐபோன் ஆதரவு இருக்கும், கிளாசிக்கைக் கைவிட்டிருப்பார்கள். ஐபாட் கிளாசிக் 2014 செப்டம்பரிலேயே விற்பனையிலிருந்து போய்விட்டது என்பதால் இது இன்னும் கூடத்தான் செய்யும். பயனியர், கென்வுட், ஜேவிசி, சோனி எதுவானாலும் அந்த மாடலின் கையேட்டை இறக்கி, ஆதரிக்கும் ஐபாட் பட்டியலில் 'ஐபாட் கிளாசிக்' என்ற பெயரே இருக்கிறதா என்று பாருங்கள். 'ஐபாட் ஆதரவு' என்று பொதுவாகப் போட்டிருந்தால் போதாது.

அடுத்து வாக்மேன். இது ஆண்ட்ராய்டில் ஓடுவது. பழைய வாக்மேன்கள் கம்ப்யூட்டரில் செருகினால் பென் டிரைவ் போலத் திறக்கும். ஆண்ட்ராய்டு பிளேயர்கள் எம்டிபி என்ற முறையில் பேசும், கம்ப்யூட்டருக்கு அது புரியும், ஆனால் பெரும்பாலான ஸ்டீரியோக்களுக்குப் புரியாது. திரையில் 'ஆதரவில்லாத சாதனம்' என்று வரும், சார்ஜ் மட்டும் ஏறும். பிளேயர் கெட்டுப்போகவும் இல்லை, கேபிளில் குறையும் இல்லை. இரண்டுக்கும் பாஷை வேறு, அவ்வளவுதான். கையேட்டில் எம்டிபி என்று எழுதியிருந்தால் மட்டும் நம்பலாம்.

வாக்மேனுக்கு நான் சொல்லும் வழி எளிது. கார்டைக் கழற்றி, நகக்கண் அளவே இருக்கும் யூஎஸ்பி கார்டு ரீடரில் போட்டு நேராக ஸ்டீரியோவில் செருகிவிடுங்கள். ஸ்டீரியோவுக்கு அது சாதாரண பென் டிரைவ். ஃப்ளாக் ஓடுமா, எத்தனை பிட், எத்தனை கிலோஹெர்ட்ஸ் வரை என்பதைக் கையேட்டில் பாருங்கள். சில மாடல்கள் 16 பிட் 48 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், சில 24 பிட் 192 வரை போகும். மீறிய ஃபைலை ஸ்டீரியோ சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். நீங்கள் ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள்.

கடையில் டெமோ போர்டில் மாட்டியிருக்கும் அதே மாடலில், உங்கள் ஐபாட், உங்கள் 30 பின் கேபிள் கொண்டு செருகிப் பாருங்கள். மலிவு 30 பின் கேபிள்கள் பலவற்றில் டேட்டா கம்பியே இருக்காது, சார்ஜ் மட்டும்தான். பாட்டு ஓட ஆரம்பித்ததும், பட்டியலில் கடைசி எழுத்தில் தொடங்கும் ஒரு கலைஞர் வரை போய் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனியுங்கள்; 14,000 பாட்டில் இதுதான் தினமும் படுத்தும் விஷயம். பிறகு கடைக்காரரிடம் சொல்லி கரண்டை நிறுத்திப் போடச் சொல்லுங்கள். விட்ட இடத்திலிருந்தே பாட்டு தொடர வேண்டும். முதல் பாட்டுக்கே திரும்பிப் போகும் ஸ்டீரியோ வேண்டாம்.

சின்னசேலம் பஸ்:

இவ்வளவு சிரமம் எதற்கு? வாக்மேனில் புளூடூத் இருக்கிறதே, அதுவே போதாதா?

நாலாம்கியர்:

கேட்பதற்குப் போதும். வாக்மேனில் எல்டிஏசி என்ற உயர்தர புளூடூத் ஒலி முறை உண்டு, 990 கேபிபிஎஸ் வரை. ஆனால் எல்டிஏசி ஸ்டீரியோ பக்கமும் இருக்க வேண்டும். பெரும்பாலான 2 டின் மாடல்களில் எஸ்பிசி, ஏஏசி என்ற சாதாரண முறைகள் மட்டும்தான். அப்போது அளவு இறங்கிவிடும், எஸ்பிசியில் 328 கேபிபிஎஸ் வரைதான். ஓடும் வண்டியில் டயர் சத்தம், ஏசி சத்தத்துக்கு நடுவே அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது என்பது என் கருத்து. அவர் கேட்டது ஸ்டீரியோவிலிருந்து தேடுவது. புளூடூத்தில் அதற்கு ஏவிஆர்சிபி என்ற கட்டுப்பாட்டு முறையின் 1.4 பதிப்பு அல்லது அதற்கு மேல் இரண்டு பக்கமும் வேண்டும். 1.3 என்றால் பாட்டுப் பெயர் தெரியும், அடுத்தது முந்தையது போடலாம், அதற்கு மேல் இல்லை. ஐபாட் கிளாசிக்கில் புளூடூத் கிடையாது.

எர்த் ஒயர்:

யூஎஸ்பியில் ஒத்துவரவில்லை என்றால் கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது ஆக்ஸில்தான், அதாவது ஹெட்ஃபோன் துளை மாதிரி இருக்கும் ஒலி உள்ளீட்டில். அதில் கெடுவது இரண்டு இடம்.

ஒன்று, சத்த அளவு. ஹெட்ஃபோன் துளையிலிருந்து எடுத்தால் பிளேயரில் வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் வைத்து, மிச்சத்தை ஸ்டீரியோவில் ஏற்றுங்கள். பிளேயரில் குறைத்து ஸ்டீரியோவில் ஏற்றினால் 'உஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து ஏறும். ஐபாட் கிளாசிக்குக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. 30 பின் துளையில் 3, 4ஆம் பின்களில் லைன் அவுட் வருகிறது. அதிலிருந்து எடுக்கும் டாக் கேபிள் தனியாகக் கிடைக்கும். ஐபாடின் வால்யூம் அதைப் பாதிக்காது, சத்தம் ஒரே அளவில் சுத்தமாக வரும்.

இரண்டாவது, ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடிக்கொண்டே போகும் 'ஙீய்ய்' சத்தம். ஐடிலிங்கில் மெல்லிசாக இருக்கும், 3,000 ஆர்பிஎம்மில் விசில் மாதிரி ஆகும். ஆக்ஸ் கேபிள் ஸ்டீரியோவில், சார்ஜர் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் என்று இரண்டும் ஒரே நேரம் பிளேயரில் செருகியிருந்தால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வருகிறது. பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரின் இரைச்சல் அந்தச் சுற்றில் ஏறி ஸ்பீக்கருக்கு வந்துவிடும். சார்ஜரை உருவிப் பாருங்கள். சத்தம் டக்கென்று நின்றால் காரணம் இதுதான். சார்ஜை ஸ்டீரியோவின் யூஎஸ்பியிலிருந்தே கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். ஆகவில்லை என்றால் ஆக்ஸ் வழியில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடுங்கள். உள்ளே இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், அவ்வளவுதான். மிக மலிவானதில் பேஸ் கொஞ்சம் அடிவாங்கும்.

சார்ஜரை உருவியும் சத்தம் போகவில்லை என்றால் ஸ்டீரியோவின் கறுப்பு ஒயரைப் பாருங்கள். பெயின்ட் அடித்த பிராக்கெட்டில் திருகி வைத்திருப்பார்கள். சுரண்டிப் பளபளப்பான இரும்பில் கட்டினால் போதும்.

மாட்டும்போது ஒன்று. கம்பெனி கப்ளரை (ஒயர்களைச் சேர்க்கும் பிளக்கை) வெட்டி டேப் சுற்ற விடாதீர்கள். சுசூகிக்கான அடாப்டர் கப்ளர் கடையிலேயே கிடைக்கும். ஸ்டீரியோ பக்கம் மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் வருவது. இரண்டும் மாறிவிட்டால் சாவியை எடுத்ததும் கடிகாரம், ரேடியோ, ஐபாட் நின்ற இடம் எல்லாம் மறந்துபோகும். பழைய ஸ்டீரியோதான் சரியில்லை என்று மாற்றுகிறவர்கள் பலருக்குக் கோளாறு இந்த இரண்டு ஒயரில்தான்.

டேஷ் பாக்ஸுக்கு யூஎஸ்பி இழுக்கும்போது எக்ஸ்டென்ஷனை ஒன்றரை மீட்டருக்குள் வையுங்கள், கொஞ்சம் தடித்த கேபிளாக. மெல்லிய கேபிளில் வோல்ட் இறங்கி ஐபாட் நடுவில் நடுவில் அறுந்து இணையும்.

வைகைக்கரை:

இருவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். என் ஃப்ளாக், எம்பி3 இரண்டிலும் பாட்டுப் பெயர், படம் பெயர் எல்லாம் தமிழில் போட்டிருக்கிறேன். ஒரு நண்பரின் ஸ்டீரியோவில் கார்டைப் போட்டால் வெறும் கட்டம் கட்டமாக வருகிறது. இன்னொன்றில் கார்டே தெரியவில்லை.

தாளக்கட்டு:

கார்டு தெரியாததற்குக் காரணம் எக்ஸ்ஃபேட் என்ற கார்டு ஃபார்மேட்டாக இருக்கும். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் கம்பெனியிலிருந்தே எக்ஸ்ஃபேட்டில்தான் வரும், பல ஸ்டீரியோக்கள் பழைய ஃபேட்32 ஃபார்மேட்டை மட்டும் படிக்கும். விண்டோஸில் வலது கிளிக் செய்து வரும் ஃபார்மேட் பெட்டி 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தராது. ரூஃபஸ் போன்ற இலவசக் கருவியில் செய்யலாம். எல்லாவற்றையும் வேறு இடத்தில் நகல் எடுத்த பிறகு மட்டும் செய்யுங்கள். கையேட்டில் ஃபைல், ஃபோல்டர் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும், அதையும் பாருங்கள். வரம்பைத் தாண்டியவை திரையில் வராமலே போய்விடும்.

தமிழ் விஷயத்தில், ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் நாம் எதுவும் செய்ய முடியாது. கட்டம் வருகிறதென்றால் எல்லா மொழி எழுத்துக்குமான குறியீடான யுனிகோடைப் படிக்கிறது, எழுத்து வடிவம்தான் இல்லை. கேள்விக்குறியோ புள்ளியோ வந்தால் யுனிகோடே தெரியாத மாடல். ஆண்ட்ராய்டு ஸ்கிரீன்கள் இதில் மட்டும் உண்மையாகவே மேல். தமிழ் அழகாக வரும். வாங்கும் முன் கொம்பும் கால்களும் உள்ள ஒரு பெயரைப் போட்டுப் பாருங்கள், 'கொஞ்சும் புறாவே' மாதிரி. சிலவற்றில் எழுத்து வரும், ஆனால் ஒற்றைக்கொம்பு இடம் மாறி 'க'வுக்குப் பின்னால் நிற்கும்.

தமிழ் வராத ஸ்டீரியோதான் மற்ற எல்லாவற்றிலும் பிடித்திருக்கிறது என்றால், கார்டின் நகல் ஒன்றை எடுத்து அதில் மட்டும் பெயர்களை ஆங்கில எழுத்தில் மாற்றுங்கள். எம்பி3டேக் மென்பொருளில் மொத்தமாகச் செய்யலாம். எம்பி3க்குள் பெயர் விவரத்தை வைக்கும் ஐடி3யின் 2.3 வடிவில் சேமியுங்கள்; பழைய மாடல்கள் பல 2.4ஐப் படிக்காது. மூலத்தை அப்படியே தமிழில் வைத்துக்கொள்ளுங்கள், அதைத் திரும்ப உருவாக்குவது பெரும்பாடு. அட்டைப்படத்தை 500 பிக்சலுக்குக் குறைத்து சாதாரண ஜேபெக்கில் போடுங்கள். புரோக்ரசிவ் ஜேபெக்காக இருந்தால் சில ஸ்டீரியோவில் படம் வராது.

நாலாம்கியர்:

அப்படியானால் உங்களுக்கு முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான். ஐபாட் கிளாசிக் பட்டியலோடு ஸ்டீரியோவில் ஓட வேண்டும் என்பது முக்கியமா, தமிழில் பெயர் தெரிய வேண்டும் என்பது முக்கியமா. இரண்டும் ஒரே பெட்டியில் கிடைப்பது அரிது. என்னைக் கேட்டால் ஐபாடின் 14,000 பாட்டையும் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதையும் இன்னொரு கார்டில் ஃபோல்டர் வாரியாகப் போட்டு, தமிழ் சரியாகக் காட்டும் ஸ்டீரியோவை வாங்கலாம். ஐபாடை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கிளாசிக் பெயர் கையேட்டில் உள்ள மாடலுக்குப் போங்கள்.

எப்படியானாலும் ஐபாடை டேஷ் பாக்ஸிலேயே விட்டுவிட்டு வண்டியை வெயிலில் நிறுத்தாதீர்கள். உள்ளே இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க். 35 டிகிரி வரைதான் ஓட்டலாம், அணைத்து வைத்திருந்தாலும் 45 டிகிரிக்கு மேல் கூடாது என்பது ஆப்பிள் கொடுத்த கணக்கு. சித்திரை மாதத்தில் மதியம் கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் அதைத் தாண்ட அரைமணி நேரம் ஆகாது.