முதலில் அனுப்பியது நான்தான், பிளாக்கில் பின்னால் போனது ஏன்?

மண்பானை: ஓபி ஸ்டாக் மென்பொருளில் ஓடும் ஒரு லேயர் 2 நெட்வொர்க்கில் (எத்தீரியம் பிளாக்செயினுக்கு மேலே இயங்கும் துணைச் சங்கிலி) டோக்கன் வாங்க ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். நேற்று நான் அனுப்பி அரை நொடி கழித்துத்தான் நண்பன் அனுப்பினான். இரண்டும் ஒரே பிளாக்கில் விழுந்தன. அவனுக்கு 4-ஆம் இடம், எனக்கு 11. என் முறை வருவதற்குள் டோக்கன் தீர்ந்து என் பரிவர்த்தனை ரிவர்ட் (ரத்து) ஆகிவிட்டது. கேஸ் (பரிவர்த்தனைக் கட்டணம்) காசும் போச்சு. இங்கே பொது மெம்பூல் (காத்திருக்கும் பரிவர்த்தனைகளை எல்லோரும் பார்க்கக்கூடிய இடம்) கிடையாது, எட்டிப் பார்த்து யாரும் முந்த முடியாது என்றார்களே? பிளாக்குகளைக் கட்டாக்கி எத்தீரியத்துக்கு அனுப்பும் பேட்ச் போடும்போது வரிசையை மாற்றுகிறார்களா?

திண்ணைவாசி: பேட்ச் பாவம், அதை விடுங்கள். அங்கே 2 நொடிக்கு ஒரு பிளாக். அதற்குள் வந்து சேர்ந்தவற்றை சீக்வென்சர் (பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்தி பிளாக் போடும் சர்வர்) டிப், அதாவது முந்திப் போகக் கூடுதலாகத் தரும் பிரயாரிட்டி ஃபீ, பார்த்துத்தான் அடுக்கும். டிப் சமமாக இருந்தால்தான் யார் முதலில் வந்தார் என்ற பேச்சே. உங்கள் ஸ்கிரிப்ட்டில் பிரயாரிட்டி ஃபீ எவ்வளவு?

மண்பானை: பூஜ்யம். லேயர் 2-ல் எதற்கு டிப் என்று விட்டுவிட்டேன்.

திண்ணைவாசி: அப்போ நண்பர் எட்டிப் பார்க்கவே வேண்டாமே! அதே பிளாக்கைத் திறந்து மற்றவர்கள் என்ன டிப் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 0-ஆம் இடத்தில் இருப்பதை விட்டுவிடுங்கள். எத்தீரியத்தின் தகவலைக் கொண்டுவரும் சிஸ்டம் பரிவர்த்தனை அது, எப்போதும் அதற்குத்தான் முதலிடம்.

சாவிக்கொத்து: பேட்ச் பற்றி ஒரு வார்த்தை. பேட்ச்சர் முடிந்துபோன பிளாக்குகளை அப்படியே சுருக்கி எத்தீரியத்தில் ஏற்றுகிறது. 2024 மார்ச்சில் எத்தீரியத்தில் வந்த டென்கன் அப்டேட்டுக்குப் பிறகு பெரும்பாலும் பிளாப்பாக (தற்காலிகமாக வைக்கப்படும் தரவுப் பொட்டலம்). ஒன்று 128 கேபி, சுமார் 18 நாளில் கழன்றுவிடும். வரிசை அதற்கு முன்பே முடிவாகிவிட்டது. ஆனால் பேட்ச் ஏறும்வரை அந்த வரிசைக்கு சீக்வென்சரின் வாய்வார்த்தை மட்டுமே சாட்சி. பெரிய தொகை என்றால் 'லேட்டஸ்ட்' (சீக்வென்சர் இப்போதுதான் போட்ட) பிளாக்கை நம்பாமல் 'சேஃப்' (பேட்ச் எத்தீரியத்தில் ஏறியது) அல்லது 'ஃபைனலைஸ்டு' (எத்தீரியத்தில் இறுதியாக உறுதியானது) கேட்டு வாங்குங்கள்.

மண்பானை: டிப் வைத்து இன்று ஓட்டினேன், 2-ஆம் இடம்! 'சேஃப்' எண் சில நிமிடம் பின்தங்கியே வருகிறது, காரணம் இப்போது புரிகிறது. இதே ஸ்கிரிப்ட் ஆர்பிட்ரம் ஒன் என்ற இன்னொரு லேயர் 2-ல் எடுபடுமா?

சாவிக்கொத்து: டிப் அங்கே செல்லாது, வந்த வரிசைதான். அப்புறம், 2025 ஏப்ரலிலிருந்து டைம்பூஸ்ட் என்ற ஏல முறை இருக்கிறது. ஏலத்தில் எக்ஸ்பிரஸ் பாதையை எடுத்தவர் நேராகப் போவார், மற்றவர்களுக்கு 200 மில்லிநொடி தாமதம். உங்கள் அரை நொடி அங்கே தப்பித்திருக்கும்.