ஃபில்டர்ல டிகாஷன் பாதியில நின்னுடுது; கேன் தண்ணியில ஊத்தினா தண்ணியா இறங்குது. பொடி தப்பா, தண்ணி தப்பா?

வியாசர்பாடி 39:

வீட்டுல நாலு பேர், ரெண்டு வேளை காபி. எவர்சில்வர் ஃபில்டர், மேல் பாத்திரத்தோட குறுக்களவு 8 செ.மீ. பொடி 80:20 (காபி 80, சிக்கரி 20), கடையில கண் எதிர்ல அரைச்சது. டேபிள் ஸ்பூன்ல கோபுரமா மூணு போட்டு, அமுக்கியை (பொடி மேல வைக்கிற ஓட்டைத் தட்டு) வச்சு அழுத்தி, கொதிக்கிற தண்ணி ஒரு டம்ளர் ஊத்துறோம்.

கேன் தண்ணின்னா 15 நிமிஷத்துல எல்லாம் இறங்கிடுது. நிறம் இருக்கு, ஆனா பால் சேர்த்ததும் கழனித் தண்ணி மாதிரி, லேசா புளிப்பு. போர் தண்ணின்னா ராத்திரி 10 மணிக்கு ஊத்தினது காலையில அஞ்சு மணிக்கும் பாதி மேலயே நிக்குது. இறங்கினதும் சப்புன்னு இருக்கு. பொடியை மாத்திப் பார்த்தாச்சு, ரெண்டு கடையிலயும் இதே கதைதான்.

இன்னும் ரெண்டு சந்தேகம். அப்பாவுக்குச் சிக்கரி தூக்கலா, கள்ளிச்சொட்டு மாதிரி வேணும்; மனைவிக்குச் சிக்கரி வாசனையே ஆகாது. ஒரே ஃபில்டர்ல ரெண்டு பேருக்கும் வழி உண்டா? சாயந்திரம் சில நாள் டிகாஷன் ஊத்தினதும் பால் திரிஞ்சு போகுது, அது ஏன்?

பெரம்பூர் லோகோ:

பொடியை விடுங்க, முதல்ல ஃபில்டர் அளவைப் பாருங்க. கோபுர ஸ்பூன் மூணுன்னா 20 கிராம் சுமார். 8 செ.மீ. அகலத்துல அதைப் பரப்பினா ஒரு சென்டிமீட்டர் உயரம்தான் வரும். அவ்வளவு மெல்லிசான படுகையில தண்ணி நின்னு சாறு இழுக்க நேரமே இல்ல. கேன் தண்ணி சட்டுனு இறங்குறதுக்கும் புளிப்புக்கும் பாதிக் காரணம் இதுதான். புளிப்பு முதல்ல கரையும், இனிப்பும் லேசான கசப்பும் பின்னாலதான் வரும். பாதியில முடிச்சுட்டா புளிப்பு மட்டும்தான் கையில மிஞ்சும்.

பொடி குறைஞ்சது 2 செ.மீ. உயரம் நிக்கணும். உங்க ஃபில்டருக்கு அப்படின்னா 40 கிராம் போடணும், நாலு பேருக்கு ஒரு வேளைக்கு அது அதிகம். 6.5 செ.மீ. குறுக்களவுல சின்ன ஃபில்டர் ஒண்ணு வாங்குங்க. 30 கிராம் போட்டா ரெண்டரை செ.மீ.க்குக் கிட்ட வரும். 180 மி.லி. தண்ணி ஊத்தினா பொடி தன் எடையைப் போல ரெண்டு மடங்கு, அதாவது 60 மி.லி. குடிச்சுக்கும், 120 மி.லி. கீழ வரும். ஆளுக்கு 30 மி.லி. டிகாஷன், 90 மி.லி. பால். பழைய பெரிய ஃபில்டரை விருந்தாளி வர்ற நாளுக்கு வச்சுக்கோங்க.

போடுற முறை: பொடியைக் கொட்டி, பக்கவாட்டுல ரெண்டு தட்டு தட்டிச் சமமாக்கி, அமுக்கியை அதோட எடையிலயே உட்கார வைங்க. கட்டை விரலால அழுத்த வேண்டாம். தண்ணி தளதளன்னு கொதிச்சதும் அடுப்பை அணைச்சு அரை நிமிஷம் விடுங்க. முதல்ல ரெண்டு ஸ்பூன் தண்ணி மட்டும் அமுக்கி மேல சுத்தி விட்டு மூடிடுங்க. ஒரு நிமிஷத்துல பொடி ஊறி உப்பும், அப்புறம் மீதித் தண்ணியை மெதுவா ஊத்துங்க. 20 நிமிஷத்துலேர்ந்து 40 நிமிஷத்துக்குள்ள இறங்கினா சரியான வேகம்.

சக்கையைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். தட்டினா அடை மாதிரி முழுசா விழணும். ஒரு ஓரத்துல பள்ளம் விழுந்திருந்தா தண்ணி அந்த வழியிலயே ஓடிடுச்சுன்னு அர்த்தம். நடுவுல உலர்ந்த பொடி தெரிஞ்சா முதல் நனைப்பு போதல.

தண்டையார்பேட்டை 81:

லோகோ சொன்ன அளவு சரி. ஆனா ஒரே பொடி, ஒரே ஃபில்டர், தண்ணி மாறினதும் ஒண்ணு ஓடுது, ஒண்ணு நிக்குதுன்னா தண்ணிக்கும் பங்கு இருக்கு. நம்ம வட சென்னைப் பக்கத்துல இதை ஒதுக்கவே முடியாது.

மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மேல உறிஞ்சதால கடல் நீர் உள்ள ஏறினது பல பத்தாண்டுப் பிரச்சினை. கடலோரப் பகுதியில பல வீட்டு போர்ல உப்பும் இருக்கும், சுண்ணாம்பும் இருக்கும், பைகார்பனேட்டும் இருக்கும். பைகார்பனேட் காபியோட புளிப்பை அடிச்சுடும், அதனாலதான் சப்புன்னு இருக்கு. டிகாஷன் இறங்குற வேகத்தையும் அது குறைக்கும். சிக்கரி கலந்த பொடி ஏற்கெனவே கொழகொழன்னு ஊறும், ரெண்டும் சேர்ந்தா அடைப்புதான்.

கேன் தண்ணியும் ஆர்.ஓ. தண்ணியும் நேர் எதிர். டி.டி.எஸ். (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்புகளோட அளவு, லிட்டருக்கு மி.கி.) பெரும்பாலும் 100-க்குக் கீழ. காபியோட புளிப்பைத் தாங்கிப் பிடிக்கிற உப்புச்சத்தே அதுல இல்ல. காபிக்கு 150-ஐ ஒட்டி இருந்தா நல்லது, 250 வரைக்கும் பரவாயில்ல. குடிநீருக்கான இந்தியத் தரத்துல டி.டி.எஸ். 500 வரை ஏற்கத்தக்கது, வேற தண்ணியே இல்லாத இடத்துல 2000 வரை அனுமதி. அதாவது குடிக்க ஆகுற தண்ணி எல்லாமே காபிக்கு ஆகும்னு இல்ல. பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் குறைஞ்ச விலைக்குக் கிடைக்குது, வாங்கி வீட்டுல இருக்கிற ஒவ்வொரு தண்ணியிலயும் முக்கிப் பாருங்க.

அடிபம்புல வர்ற மெட்ரோ தண்ணியை (குடிநீர் வாரியத் தண்ணி) காய்ச்சி, கேன் தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்து போடுங்க. மெட்ரோ தண்ணியில சுண்ணாம்பு அதிகமா இருந்தா அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டு, பத்து நிமிஷம் அசைக்காம வச்சா வெள்ளையா மாவு மாதிரி அடியில தங்கும்; மேல் தண்ணியை மட்டும் எடுத்து மறுபடி சூடாக்குங்க. குளோரின் வாடையும் அந்தக் கொதியிலயே போயிடும். ஆனா கரிக்கிற உப்பு எவ்வளவு கொதிக்க வச்சாலும் போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் ஏறத்தான் செய்யும். உங்க போர் தண்ணியில கரிப்பு இருந்தா அதைப் பாத்திரம் தேய்க்க வச்சுக்கோங்க, காபிக்கு வேண்டாம்.

காசிமேடு காத்து:

ராத்திரி பூரா நிக்குதுன்னா ஓட்டையையும் பார்க்கணும். மேல் பாத்திரத்தை நல்லாத் துடைச்சு டியூப்லைட்டுக்கு நேரா பிடிங்க. ஊசி முனை அளவுல வெளிச்சம் வரிசையா தெரியணும். இடையிடையே இருட்டா இருந்தா அங்கெல்லாம் காபி எண்ணெயும் சுண்ணாம்பும் சேர்ந்து அடைச்சிருக்கு. இடுக்கியால பிடிச்சு அடிப்பக்கத்தை அடுப்புத் தீயில ஒரு நிமிஷம் காட்டுங்க, எண்ணெய் கருகி உதிரும். ஆறினப்புறம் பழைய பல் பிரஷ்ஷால தேய்ங்க. கருகாத வெள்ளைப் படிவம் சுண்ணாம்பு. அதுக்கு வினிகரும் தண்ணியும் சமமாக் கலந்து ஒரு மணி நேரம் ஊற வைங்க. குண்டூசியால குத்தாதீங்க, ஓட்டை பெரிசானா பொடி கீழ இறங்கும். கைப்பிடி பிளாஸ்டிக்னா தீயில காட்டவே கூடாது.

இன்னொண்ணு, பல பேர் கவனிக்காதது: காத்து அடைப்பு. மேல் பாத்திரம் கீழ் பாத்திரத்துல இறுக்கமா உட்கார்ந்தா உள்ள இருக்கிற காத்து வெளியேற வழி இல்ல. டிகாஷன் சொட்ட இடம் விடாம அது முட்டிக்கிட்டு நிக்கும். நின்ன ஃபில்டரை லேசா ஒரு நூல் அளவு தூக்கிச் சாய்ச்சுப் பாருங்க. உடனே சொட்ட ஆரம்பிச்சா காரணம் அதேதான்.

கடல் காத்து அடிக்கிற வீட்டுல பொடியையும் காப்பாத்தணும். சிக்கரி ஈரத்தை இழுக்கும், பொடி கட்டி தட்டிடும், கட்டி தட்டின பொடியில தண்ணி சீரா இறங்காது. 100 கிராம், 200 கிராமா வாங்கி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவுல, உலர்ந்த ஸ்பூனோட வைங்க. ஃப்ரிட்ஜ் வேண்டாம்னு சொல்வேன். தினம் ரெண்டு தடவை வெளிய எடுத்துத் திறந்தா சில்லுனு இருக்கிற பொடி மேல ஈரம் வேர்த்துப் பிடிக்கும்.

வியாசர்பாடி 39:

லைட்டுல பிடிச்சுப் பார்த்தேன், நடு வட்டம் மொத்தமும் இருட்டு. தீயில காட்டித் தேய்ச்சதும் திறந்துடுச்சு. மெட்ரோவும் கேனும் பாதிப் பாதி, மீட்டர்ல 190. பழைய ஃபில்டர்லயே 40 கிராம், 240 மி.லி. ஊத்தினேன்; 30 நிமிஷத்துல 160 மி.லி. இறங்கிச்சு. புளிப்பு இல்ல. மிச்சம் 40 மி.லி.யை மூடி வச்சா சாயந்திரத்துக்கு ஆகுமா? அப்பா விஷயமும் பால் விஷயமும் பாக்கி இருக்கு.

கொளத்தூர் டபரா:

ஆகும். மூடி ஃப்ரிட்ஜ்ல வைங்க, அன்னைக்கே முடிச்சுடுங்க. அடுப்புல நேரா சூடு பண்ணாதீங்க, கசந்துடும். கிண்ணத்தைச் சுடுதண்ணியில அஞ்சு நிமிஷம் வச்சா போதும். இல்லன்னா குளிர் போனதும் அப்படியே ஊத்தி, பாலை மட்டும் நல்லாக் கொதிக்க வச்சுச் சேர்க்கலாம்.

பால் திரியுறதுக்குக் காரணம் டிகாஷன் இல்ல, பால்தான். டிகாஷன்ல இயல்பாவே புளிப்பு உண்டு. காலையில காய்ச்சி வெளிய வச்ச பால், வெயில் காலத்துல மதியத்துக்குள்ளயே லேசா புளிக்க ஆரம்பிச்சுடும். வாயில வச்சாத் தெரியாது, சூடான டிகாஷன் பட்டதும் காட்டிக் கொடுத்துடும். காலையில காய்ச்சி ஆறினதும் ஃப்ரிட்ஜுக்குப் போகணும், சாயந்திரம் வேணும்கிற அளவு மட்டும் எடுங்க. ஆவின்ல நீலம் 3%, பச்சை 4.5%, ஆரஞ்சு 6% கொழுப்பு. நீலம்னா டிகாஷனைக் கொஞ்சம் கூட்டிப் பாலைக் குறைங்க. ஆரஞ்சு காபியைக் கெட்டியாக்கும், ஆனா காபி வாசனையை மூடிடும். என் நாக்குக்குப் பச்சைதான் சரி.

அப்பாவுக்கு: 80:20-ஐ விட்டுட்டு, தனிக் காபிப் பொடி வாங்குங்க. பாதி பிளாண்டேஷன் ஏ, பாதி பீபெரி (ரெண்டும் காபிக் கொட்டை ரகம்) போதும். சிக்கரித் தூளைத் தனியா 50 கிராம் வாங்கிக்கோங்க. ஃபில்டர்ல சிக்கரி இல்லாமப் போடுங்க, அது மனைவிக்கு. சிக்கரி இல்லாததால கொஞ்சம் வேகமா இறங்கும், அதனால ஒரு சுத்து நைஸா அரைக்கச் சொல்லுங்க. அப்பாவுக்கு ஒரு டீஸ்பூன் சிக்கரித் தூளை 50 மி.லி. தண்ணியில ரெண்டு நிமிஷம் கொதிக்க வச்சு வடிகட்டி வைங்க. அவர் டம்ளர்ல 40 மி.லி. டிகாஷன், இந்தச் சிக்கரிச் சாறு ரெண்டு ஸ்பூன், பால் 70 மி.லி. நிறமும் கெட்டியும் கள்ளிச்சொட்டாவே வரும். பாக்கெட் பொடி வாங்குறதா இருந்தா அதுல போட்டிருக்கிற சதவீதத்தைப் படிச்சுட்டு வாங்குங்க. சட்டப்படி காபி 51%-க்குக் குறையக் கூடாது, சிக்கரி 49% வரைக்கும் போகலாம்.

அப்பா கருப்பட்டி போட்டுக் குடிக்கிறவர்னா பாலோட சேர்த்துக் கொதிக்க விடாதீங்க, அதுவும் பாலைத் திரிக்கும். தனியா பாகாக் கரைச்சு, தூசி போக வடிகட்டி, டபராவுல ஆத்தின பிறகு கடைசியா ஊத்துங்க.