மறு: உலாவியில்லாக் கோரிக்கை - வேறு சொல் பார்க்கலாமா?

வணக்கம்.

> 'உலாவியில்லாக் கோரிக்கை' என்றே வைத்துவிடலாம், யாருக்கும் புரியும்.

உலாவி (பிரவுசர்) இல்லாமல் நிரலே இணையப் பக்கத்தைக் கேட்டு வாங்குவதற்கு என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்பதுதானே பேச்சு. இந்தச் சொல் தப்பாகப் புரிந்துவிடும் என்பதுதான் என் கவலை. போன மாதம் ஒரு மாணவருக்குக் கர்ல் (கட்டளை வரியிலிருந்து இணையப் பக்கத்தை எடுக்கும் கருவி) சொல்லிக்கொடுத்தேன். அவர் ஒரு பக்கத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "உலாவியில் தெரியும் பட்டியல் இதில் காணோமே" என்றார். அந்தப் பட்டியலை ஜாவாஸ்கிரிப்ட்தான் பிறகு வந்து நிரப்புகிறது. கர்ல் அதை இயக்காது, வழங்கி (சர்வர்) அனுப்பிய ஹெச்டிஎம்எல்லை அப்படியே கொட்டிவிடும். அவரோ 'தலையற்ற உலாவி' என்று எங்கோ படித்துவிட்டு, கர்லும் அதுவும் ஒன்று என்றே நினைத்திருக்கிறார். உலாவியில்லா, தலையற்ற என்று இரண்டுக்கும் 'இல்லை' சொல்லியே பெயர் வைத்தால் குழம்பத்தானே செய்யும்?

இரண்டும் வேறு. குரோமியம் மாதிரி முழு உலாவியைச் சாளரம் திறக்காமல் ஓட்டுவது ஒன்று, அதில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடும். அதற்குத் 'திரையில்லா உலாவி' போதும் ('தலையற்ற' என்றால் எனக்கு முண்டம்தான் கண்முன் வருகிறது). கர்லில் உலாவியே கிடையாது, நம் நிரல் நேராக வழங்கியிடம் கேட்கிறது, பதிலை வாங்கிக்கொள்கிறது. இதற்கு நான் சொல்வது 'நிரல்வழிக் கோரல்'.

ஏன் கோரிக்கை வேண்டாம்? கோரிக்கையை 'விடுக்க' வேண்டும், 'வைக்க' வேண்டும், கூடவே மனுவின் வாடையும் வந்துவிடுகிறது. கோரல் என்றால் வினை கையிலேயே இருக்கிறது: கோரினேன், கோரும் நிரல், கோரப்பட்ட முகவரி. 'கொணர்தல்' என்று ஒருவர் எழுதியிருந்தார், அழகான சொல்தான். 1996-இல் வந்த டபிள்யூகெட் என்ற, கர்ல் போன்ற கருவியின் பெயரிலேயே 'கெட்' (எடு) இருக்கிறது, அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் போஸ்ட் முறையில் படிவத்தை நிரப்பி அனுப்பும்போது நாம் எதையும் கொணரவில்லையே, கொடுக்கிறோம். கோரல் இரண்டுக்கும் பொருந்தும்.

உலாவியும் ஒரு நிரல்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான், அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் பேச்சில் 'என் நிரல்' என்றால் நாம் எழுதியதைத்தான் சொல்கிறோம், குரோமியத்தை அல்ல.

அப்புறம், ரீடைரக்டுக்கு (கேட்ட பக்கத்துக்கு வேறு முகவரியைக் காட்டி வழங்கி நம்மை அங்கே அனுப்புவது) 'திசைதிருப்பல்' வேண்டாம், கவனத்தைத் திசைதிருப்புவது போல ஒலிக்கிறது. 'வழிமாற்று' என்கிறேன்.

சரி, சொல்லைத் தனியாக வைத்துப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். கீழே உள்ள வரிகளில் உங்கள் சொற்களைப் போட்டு வாய்விட்டுப் படித்துப் பார்த்து எழுதுங்கள் (301 என்பது பக்கம் நிரந்தரமாக இடம்மாறிவிட்டது என்று வழங்கி சொல்லும் எண்):

"நிரல்வழிக் கோரலுக்கு 301 என்று மறுமொழி வந்தால் கர்ல் அங்கேயே நின்றுவிடும், பெரிய எல் விருப்பை (-L) சேர்த்தால்தான் வழிமாற்றைப் பின்தொடர்ந்து புது முகவரியைக் கோரும். டபிள்யூகெட் சொல்லாமலே பின்தொடரும்."