5 சதம் ஆக்சிஜன்ல வச்ச ஸ்டெம் செல்லு ஏன் செத்துச்சு?

பாளை_பய:
அண்ணாச்சிமாரே அக்காமாரே ஒரு சந்தேகம். எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு தொப்புள்கொடில இருந்து எடுத்த ஸ்டெம் செல் (வேற வகை செல்லா மாறக்கூடிய மூல செல்) வளக்கேன். சாதா இன்குபேட்டர்ல ஆரம்பத்துல அயிரை மீன் கூட்டம் மாதிரி நீள நீளமா ஒரே பக்கம் பாத்து அழகா கெடந்துச்சு, ஏழாவது பாசேஜ் (நெறைஞ்சத பிரிச்சு புது ஃபிளாஸ்க்குக்கு மாத்துதது) தாண்டுனதும் ஆஃபாயில் மாதிரி பரந்துபோயி பிரியவே மாட்டேங்கு. சீனியர் அக்கா "ஒடம்புக்குள்ள 21 சதம் ஆக்சிஜன் ஏதுடே, 5ல வச்சுப் பாரு"ன்னாவ. ஆக்சிஜன கொறைக்க நைட்ரஜன் சிலிண்டர் மாட்டுன இன்குபேட்டர்ல எடம் கெடைக்க ரெண்டு மாசம் அலைஞ்சேன். புது செல்லா எடுத்து அதுல வச்சுட்டு ஊர்ல கோயில் கொடைன்னு வெள்ளிக்கெழம கெளம்பிட்டேன், செவ்வா காலைல வந்து பாத்தா மீடியம் (செல்லுக்கு ஊத்துத சத்துத் தண்ணி) மஞ்சளா கெடக்கு பாதி செல்லு மெதக்கு. வெளிய 21ல வச்சது கூட நல்லாத்தான் இருக்கு. அப்போ இந்த 5 சதம்ங்கது சும்மா கதையா?

பாலத்தடி அண்ணாச்சி:
கதையெல்லாம் இல்ல. எலும்பு மஜ்ஜைக்குள்ள ஆக்சிஜன் ஏறக்குறைய 1ல இருந்து 6 சதம்தான், வயித்துக்குள்ள இருக்கப் பிள்ளைக்கும் கம்மிதான். பொதிகை மேல நெழல்ல வளருத செடிய கொண்டாந்து பாளையங்கோட்டை மொட்டை மாடில சித்திரை வெயில்ல வச்சா என்ன ஆவும், அதான் 21. ஆக்சிஜன் கூடுனா டிஎன்ஏல அடி விழுது, செல்லு சீக்கிரம் கெழடாவுது, ஒன் ஆஃபாயிலும் பாதி அதான். 2009ல கியோட்டோல யமனாக்கா குழு ஐபிஎஸ் செல் (சாதா செல்ல திருப்பி ஸ்டெம் செல்லா மாத்துனது) உண்டாக்கும்போது கூட 5 சதத்துல வச்சா நெறைய கெடைக்குன்னு காட்டுனாங்க.
அது கெடக்கட்டும், எந்த ஃபிளாஸ்க்கு, எத்தன எம்எல் ஊத்துன?

பாளை_பய:
டி 25, அடிப்பரப்பு 25 சதுர செ.மீ. உள்ளது. எப்பவும் 5 எம்எல், நாலு நாள் வரமாட்டோம்லான்னு 10 ஊத்திட்டுப் போனேன். போகும்போதே ஃபிளாஸ்க்கு அடில 80 சதம் செல்லு நெறைஞ்சுதான் இருந்துச்சு.

பாலத்தடி அண்ணாச்சி:
புடிச்சாச்சு. 25 சதுர செ.மீ.ல 5 எம்எல் ஊத்துனா ஆழம் 2 மி.மீ., 10 ஊத்துனா 4. ஆக்சிஜன் மேல இருந்து மெதுவா ஊறித்தான் அடில இருக்க செல்லுக்குப் போவணும், தூரம் ரெண்டு மடங்கு, கீழ கூட்டம் வேற இழுத்துக்கிட்டே இருக்கு. டிஸ்ப்ளேல 5ன்னு காட்டுதது மேல இருக்க காத்துக்குத்தாம்ப்பா, அடில 1க்கும் கீழ போயிருக்கும். 21ல வச்சா அந்த இழப்பு தெரியாது, கையிருப்பு ஜாஸ்தில்லா.

மகாராஜநகர் அக்கா:
மஞ்சளுக்கும் காரணம் இருக்கு. ஆக்சிஜன் இருந்தா எச்ஐஎஃப்ங்கற புரதம் அஞ்சு நிமிஷம் கூட நிக்காது, செல்லே குறி போட்டு அழிச்சுரும். கம்மியானா அது நெலைச்சு நின்னு சர்க்கரைய ஆக்சிஜன் இல்லாம எரிக்கச் சொல்லும், லாக்டிக் ஆசிட் கொட்டும், மீடியம் மஞ்சளாயிரும். இத கண்டுபிடிச்சதுக்குத்தான் 2019ல மூணு பேருக்கு நோபல் குடுத்தாவ. அதனால கம்மி ஆக்சிஜன்ல வச்சா மீடியத்த சீக்கிரம் மாத்தணும், நீ என்னடான்னா அப்படியே உட்டுட்டு கொடைக்குப் போயி கெடா வெட்டு சாப்ட்டுட்டு வந்துருக்க.
இன்னொண்ணு, பின்னால இத என்னவா மாத்தப் போறன்னு யோசி. குருத்தெலும்புன்னா கம்மி ஆக்சிஜன் ஒத்துவரும், அதுக்கு ரத்தக் குழாயே கெடையாதுல்லா. எலும்புன்னா பெருக்குத வரைக்கும் 5ல வச்சுட்டு அப்புறம் கூட்டுதது நல்லது.

பாளை_பய:
அக்கா கெடா வெட்டு இல்ல, எங்க சாமி சைவம் 😅 சரி, நாளைக்கு 5 எம்எல்லோட மறுபடி போடுதேன். மீடியத்தையும் முன்னாடியே அந்த இன்குபேட்டர்ல வச்சுறவா?

பாலத்தடி அண்ணாச்சி:
ஆமா, மூடிய லேசா தளர்த்தி ராத்திரி பூரா வையி. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து அப்படியே ஊத்துனா வெளிக்காத்தையும் சேத்துல்லா ஊத்துத. கதவையும் சும்மா சும்மா தொறக்காத, நைட்ரஜன் காலியாயிரும், அப்புறம் சிலிண்டர் வரதுக்கு நீ சாமி கும்புடணும். அடுத்த கொடைக்கு முன்னால செல்ல ஃப்ரீஸ் பண்ணிட்டுப் போ.