வைட் தொட்டால் லெவல் போக வேண்டுமா?

பழம்பகடை:
பகடை உருட்டி மேசையில் ஆடும் கதைப்பாத்திர விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பழைய ‘அட்வான்ஸ்டு’ முதல் பதிப்புக்கென எழுதிய கல்லறைச் சாகசம் ஒன்றை 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்புக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். எலும்புக்கூடுகளையும் ஸோம்பிகளையும் புதிய புத்தகத்தில் உள்ளபடியே வைத்துவிட்டேன். சிக்கல் உயிரை உறிஞ்சும் பிணப்பேயான வைட்டில் தொடங்குகிறது. பழைய விதியில் வைட் அடித்தால் சேவிங் த்ரோவுக்கே (தப்பிக்க உருட்டும் பகடைக்கே) இடமில்லாமல் ஒரு லெவல், அதாவது பாத்திரம் வளர்ந்த ஒரு படி, போய்விடும், ஸ்பெக்டர் என்ற பேய் அடித்தால் இரண்டு போகும். இப்போதோ கான்ஸ்டிட்யூஷன் (உடலுறுதி) சேவில் தோற்றால் அதிகபட்ச ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி) குறைகிறது, அதுவும் ஒரு நீண்ட ஓய்வில் திரும்பிவிடுகிறது. தூங்கி எழுந்தால் தீரும் காயத்துக்கு யார் அஞ்சுவார்கள்? லெவல் இழப்பை அப்படியே திரும்பக் கொண்டுவரப் போகிறேன்.

விதிக்காரன்:
தயவுசெய்து வேண்டாம். ஐந்தாம் லெவல் ஃபைட்டர் நான்குக்கு இறங்கினால் ஹிட் பாயிண்ட் மட்டுமா குறைகிறது? இரண்டாவது தாக்குதலும் போகிறது, பகடையோடு கூட்டும் ப்ரொஃபிஷியன்சி போனஸும் 3இலிருந்து 2 ஆகிறது. சண்டையின் நடுவில் அவர் ரப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான் 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு நெகட்டிவ் லெவலைக் கொண்டுவந்தது: உடனடியாகத் தாக்குதலிலும் சேவிலும் ஒன்று கழியும், 5 ஹிட் பாயிண்ட் போகும், 24 மணி நேரம் கழித்து ஒரு சேவில் தோற்றால்தான் லெவல் உண்மையாகவே பறிபோகும். 2008இல் வந்த நான்காம் பதிப்பு அதையும் கைவிட்டது. படிப்படியாகக் கழற்றிய ஒன்றை நீங்கள் மறுபடி மாட்டப் பார்க்கிறீர்கள்.

பழம்பகடை:
கழற்றியபோது அச்சமும் சேர்ந்து கழன்றுவிட்டது என்பதுதான் என் வாதம். பழைய விதியில் நடத்திய ஓர் ஆட்டத்தில், கதவை இரண்டு விரல் அளவு திறந்து உள்ளே வைட்டைப் பார்த்த வீரர், தம் குழுவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கதவை மெல்லச் சாத்தினார். அந்த மௌனத்தை எனக்கு உயிரைக் கருக்கும் எந்த நெக்ரோடிக் சேதமும் தந்ததில்லை.

நள்ளிரவு:
இருவரும் லெவலையே பிடித்துக்கொண்டு தொங்குவதால், அதைவிடப் பெரிய மாற்றம் கண்ணில் படவில்லை. முதல் பதிப்பில் இன்னொரு பேயான ரெய்த்துக்கு 5+3 ஹிட் டைஸ் (உயிர்ப்புள்ளிக்காக உருட்டும் பகடைகள்), ஸ்பெக்டருக்கு 7+3. ஐந்தாம் பதிப்பில் ரெய்த்தின் சவால் எண் (எதிரி எவ்வளவு கடினம் என்ற அளவு) 5, ஸ்பெக்டருடையது வெறும் 1. பிணத்திலிருந்து ஸ்பெக்டரை எழுப்பி ஏவல் கொள்வதே ரெய்த்தான். பெயரைப் பார்த்து மாற்றினால் உங்கள் கல்லறையின் தலைவனான ஸ்பெக்டர் எடுபிடியாகிவிடுவான். ஆகவே ரெய்த்தின் எண்களை எடுத்து அதற்கு ஸ்பெக்டர் என்று பெயர் வையுங்கள். அடிபடாமல் காக்கும் ஆர்மர் கிளாஸையும் (பழைய விதியில் குறைந்த எண்ணே நல்லது) இருபதிலிருந்து கழித்துப் போடாதீர்கள். பழைய 2 அப்படி 18 ஆகும், புதிய ஸ்பெக்டருக்கு இருப்பதோ 12தான்.

அச்சம் போய்விட்டது என்பதையும் நான் ஏற்கவில்லை. ரெய்த்தின் ஒரு தொடுதல் சராசரியாக 21 சேதம். கான்ஸ்டிட்யூஷன் 14 உள்ள ஐந்தாம் லெவல் மந்திரவாதிக்கு இருப்பதே 32 ஹிட் பாயிண்ட். இரண்டு சேவில் தோற்றால் அதிகபட்சம் பூச்சியமாகி, இடையில் எவ்வளவு குணப்படுத்தியிருந்தாலும் அவர் செத்துப்போவார்.

விதிக்காரன்:
இந்தக் கணக்கு சரி. பழம்பகடை ஐயாவுக்காக நான் ஒரு படி இறங்கி வருகிறேன்: லெவலைத் தொடாதீர்கள், குறைந்த அதிகபட்சம் ஓய்வில் திரும்பாது, கிரேட்டர் ரெஸ்டொரேஷன் மந்திரத்தால் மட்டுமே திரும்பும் என்று வையுங்கள். ஒன்பதாம் லெவலுக்குக் கீழே எந்தக் கிளெரிக்குக்கும் (பூசாரிப் பாத்திரத்துக்கும்) அது கிடைக்காது. ஒவ்வொரு முறையும் 100 தங்கம் மதிப்புள்ள வைரத்தூளும் தீர்ந்துபோகும்.

பழம்பகடை:
இது பிடித்திருக்கிறது. ஒரே ஒரு தடவை பயன்படும் அந்த மந்திரச் சுருள் ஒன்றை வைட்டுக்குப் பின்னால் இருக்கும் அறையில் வைத்துவிடுகிறேன்.

விதிக்காரன்:
ஒரு தடவைக்கு மட்டுமா? நான்கு பேரில் இருவர் தொடப்பட்டால் யாருக்கு என்று அடித்துக்கொள்வார்களே.

பழம்பகடை:
அதற்காகத்தான் ஒன்று.